நாலு மணிக்குத் தரை கூட்டும் ஆச்சி

காரைக்குடியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். 70 வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் 2 வருடமாக வருகிறார். சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை எங்கும் செதில். மருந்தை ஒழுங்காகத்தான் எடுத்தார். ஆனாலும் குறைவதும் கூடுவதுமாகவே இருந்தது. ஒருநாள், "தூக்கம் எப்படி ஆச்சி?" என்று கேட்டேன். அழுதுவிட்டார்.

"விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிச்சிருவேன் தம்பி. ஆத்தங்குடிக் கல்லுத் தரை செவப்பா இருக்கா, அதுல என் செதிலு வெள்ளை வெள்ளையாத் தெரியும். மருமக பாக்குறதுக்குள்ள கூட்டி அள்ளிப்புடணும்."

பேரனின் திருப்பூட்டு (தாலி கட்டும் சடங்கு) அன்று அவர் வளவுப் பக்கமே, அதாவது வீட்டின் நடுமுற்றத்துப் பக்கமே, வரவில்லையாம். பின்னால் உள்ள இரண்டாங்கட்டிலேயே இருந்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை.

2 வருடத்தில் நான் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

சொரியாசிஸ் ஒட்டாது. ஒரே தட்டு, ஒரே துண்டு புழங்கினாலும் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறுவதால் வருவது. ஒரு மாதம் போல எடுத்துப் புதிதாக வளர வேண்டிய மேல்தோல் சில நாளிலேயே வளர்ந்து குவிகிறது. மனக்கவலை கூடினால் நோய் கிளம்பும். நோய் கிளம்பினால் அரிப்பு. அரிப்பில் தூக்கம் போகும், தூக்கம் போனால் மனசு இன்னும் சோர்ந்துவிடும். இந்தச் சுற்றுக்குள் வெறும் களிம்பு என்ன செய்யும்?

வெண்புள்ளி உள்ளவர்கள் பாடு இன்னும் கொடுமை. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் அழிவதால் வருவது அது. தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் 'வெண்குஷ்டம்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்! தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

தூக்கமில்லை, விசேஷத்துக்குப் போகப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் தோல் டாக்டரிடமே சொல்லுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அப்புறம், மனநல மாத்திரை ஏற்கெனவே எடுப்பவர்கள் சீட்டை எங்களிடமும் காட்டுங்கள். அந்த மாத்திரைகளில் ஒன்றான லித்தியம் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டர்கள் நாங்கள் கலந்து பேசி முடிவு செய்வோம்.

ஆச்சியை அடுத்த முறை மருமகளோடு வரச் சொன்னேன். "அவுகளாத்தான் ஒதுங்கி இருக்காகன்னு நெனச்சோம் டாக்டர்" என்றார் அந்தப் பெண், கண் கலங்கி.

செதில் இன்னும் முழுசாகப் போகவில்லை. இப்போது தரையை மருமகள்தான் கூட்டுகிறாராம், ஆறு மணிக்கு மேல்.