"வச்சிருந்தான், அவ்வளவுதான்": 37 (டிஏ) பிரிவு பற்றிக் கொஞ்சம்

"ஐயா, என் பிள்ளை கடத்துற ஆள் இல்லைங்க. கூட்டாளி கொடுத்த பையை வச்சிருந்தான், அவ்வளவுதான்."

லாக்காப் வாசலில் ஒரு தாய் வழக்கறிஞரான என்னிடம் சொன்னது. போதைப்பொருள் வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச ஆரம்பிக்கின்றன. பிள்ளையைக் காப்பாற்றும் என்று நம்பிச் சொல்கிறார்கள். மலேசியச் சட்டத்திலோ அந்த "வச்சிருந்தான்" பாதி வழக்கை அரசுத் தரப்புக்கு எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

கடத்தல் என்றதும் நமக்குப் படகும் விமான நிலையமும்தான் நினைவுக்கு வரும். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் 2-ஆவது பிரிவின்படி வைத்திருப்பது, ஒளிப்பது, வாங்குவது, கொடுப்பது, கொண்டுபோவது எல்லாமே கடத்தல்தான். அதற்கு மேல் 37 (டிஏ) பிரிவு இருக்கிறது. ஒருவரிடம் 15 கிராம் ஹெராயின், 200 கிராம் கஞ்சா, 50 கிராம் சியாபு (மெத்தம்பெட்டமைன்), 40 கிராம் கொக்கேயின் என இவற்றில் ஏதாவது ஒன்று அந்த எடைக்கோ அதற்கு மேலோ இருந்தால், அவர் கடத்துகிறார் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். விற்றதைப் பார்த்த சாட்சி வேண்டியதில்லை. இல்லை என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். 39பி பிரிவின் கீழ் தண்டனை தூக்கு. 2023 ஜூலையிலிருந்து தூக்கு கட்டாயமில்லை. நீதிபதி ஆயுள் சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம். ஜாமீன் கிடையாது.

அந்தப் பையனுக்கு 22 வயது. பை அவன் மோட்டார் சீட்டுக்கு அடியில் இருந்தது. ஸ்டேஷனில் பிளாஸ்டிக், டேப் எல்லாம் சேர்த்து நிறுத்தபோது கஞ்சா 230 கிராமைத் தாண்டியது. 39பி-யில் குற்றம் சாட்டினார்கள். இரசாயனத் துறை அறிக்கை வரச் சில மாதங்கள் ஆயின. உறையை உரித்துச் செடியை மட்டும் நிறுத்ததில் 187 கிராம். அந்த 13 கிராம் குறைவால் தூக்குக் கயிறு விலகி, குற்றச்சாட்டு, அளவு குறைவான போதைப்பொருளை வைத்திருந்ததற்கான 39ஏ (2)-க்கு மாறியது. அதுவும் சின்ன விஷயமில்லை: குறைந்தது 5 ஆண்டுச் சிறை, 10 பிரம்படி. அறிக்கை கைக்கு வந்ததும் நிகர எடை இருக்கும் வரிக்குத்தான் என் கண் முதலில் போகும்.

அடுத்த கேள்வி, பைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? 37 (டி) பிரிவில் இன்னொரு அனுமானம் உண்டு. பை உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்று நிரூபித்தால் போதும். உள்ளே இருந்தது உங்களுடையது, அது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த அனுமானத்தின் மேல் கடத்தல் அனுமானத்தையும் ஏற்றக் கூடாது என்று 1998-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2014-இல் நாடாளுமன்றம் 37ஏ பிரிவைச் சேர்த்து, ஏற்றலாம் என்றது. 2019 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று ரத்து செய்தார்கள். எதுவும் தெரியாத ஒருவர் இரண்டு ஊகங்களால் தூக்குமேடை வரை போகலாம் என்ற நிலை அன்றுதான் நின்றது. தெரிந்தே வைத்திருந்தார் என்பதைச் சாட்சியத்தால் நிரூபித்த பிறகே இன்று 37 (டிஏ)-யைக் கையில் எடுக்க முடியும். என்னைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்தில் சாதாரண மனிதனுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய பாதுகாப்பு இதுதான்.

ஆனால் அது தானாக வேலை செய்யாது. பையைக் கொடுத்தவரின் பெயரும் போன் நம்பரும் ஆரம்ப வாக்குமூலத்திலேயே இருந்தால், அதை விசாரித்துப் பார்க்க வேண்டியது போலீஸ். 1996-இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதையே நீதிமன்றத்தில் முதல் முறையாகச் சொன்னால், பிறகு யோசித்துக் கட்டிய கதை என்று தள்ளிவிடுவார்கள்.

எங்கள் பையன் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. கூட்டாளியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்ற வைராக்கியம். பெயரைச் சொன்னபோது அந்த நம்பர் துண்டிக்கப்பட்டிருந்தது, தாமான் (குடியிருப்பு) வாசல் கேமராவில் பழைய பதிவு அழிந்திருந்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன்தான் அந்தக் கூட்டாளி என்று அப்புறம்தான் தாய் சொன்னார்.

அதனால் கைதான அன்றே, யார் கொடுத்தது, எங்கே, எப்போது என்பதை வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வாக்குமூலத்தில் எதைச் சொல்வது என்பதை அவரோடு பேசி முடிவு செய்யலாம். வாட்ஸ்அப் உரையாடல்களை வீட்டில் யாரும் அழிக்க வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத மலேசியர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் (ஒய்பிஜிகே) வழக்கறிஞர் ரிமாண்ட் நேரத்திலேயே இலவசமாக வருவார். "ஒய்பிஜிகே லாயர் வேண்டும்" என்று ஸ்டேஷனிலேயே கேளுங்கள்.