தீம் பார்க் ஊழியரின் சீருடை: பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

தீம் பார்க்குக்குள் நுழைந்த நொடியிலிருந்து நாம் நம்புவது ஒரு டி-ஷர்ட்டைத்தான். அதைப் போட்டிருப்பவர் "பாரைப் பிடிச்சுக்கோங்க" என்றால் பிடித்துக்கொள்கிறோம். குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுக்கிறோம். அவர் அந்த ரைடில் பயிற்சி முடித்தவரா, கோடை விடுமுறைக்காக ஒப்பந்தத்தில் வந்து இன்று காலைதான் சேர்ந்தவரா என்பது நமக்குத் தெரியாது. பல பூங்காக்களில் பக்கத்து ரைடில் நிற்கும் சக ஊழியருக்கே தெரியாது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே லோகோ. சீருடையின் முதல் வேலை யார் எந்தப் பொத்தானைத் தொடலாம் என்று காட்டுவது. அழகும் விளம்பரமும் அதற்குப் பிறகுதான்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. லைஃப்கார்டு, ரைடு ஆபரேட்டர், ஏற்றி இறக்கும் அட்டெண்டன்ட், மெயின்டெனன்ஸ், முதலுதவி ஆகிய ஐந்து பிரிவுக்கும் தூரத்திலிருந்தே பிரித்தறியும்படி ஐந்து நிறங்கள் போதும். லைஃப்கார்டின் நிறம் வேறு யாருக்கும் போகக் கூடாது. புகைப்படம் எடுத்துக் கொடுப்பவருக்கும் கடைப் பையனுக்கும் அதே சிவப்பு டி-ஷர்ட்டைக் கொடுத்தால், தண்ணீரில் தத்தளிப்பவரின் அம்மா ஓடிப்போய் நீச்சல் தெரியாதவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். அதே நிறத்தில் நினைவுப்பொருள் கடையில் டி-ஷர்ட் விற்பதையும் நிறுத்த வேண்டும்.

பயிற்சியில் இருப்பவருக்குக் கையில் பளிச்சென்ற பட்டை கட்ட வேண்டும். ஐடி கார்டின் பின்பக்கம் அவர் தேர்ச்சி பெற்ற ரைடுகளின் பெயர், தேதி, பயிற்சி கொடுத்தவரின் கையெழுத்து இருக்க வேண்டும். கார்டில் இல்லாத ரைடில் அவரை நிறுத்தக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்றாலும்கூட. அன்று அந்த ரைடை மூடிவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2016 அக்டோபர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் உள்ள ட்ரீம்வேர்ல்டு பூங்காவில், தண்டர் ரிவர் ராபிட்ஸ் என்ற நீர்ச் சவாரியில் நான்கு பேர் இறந்தார்கள். பம்பு நின்று நீர்மட்டம் இறங்கியது. மிதவைகளை மேலே ஏற்றும் நகரும் பட்டையான கன்வேயரின் முனையருகே ஒரு மிதவை சிக்கியது, பின்னால் வந்த மிதவை அதில் மோதியது. இறங்கும் இடத்தில் நின்ற அட்டெண்டன்ட்டின் அருகிலேயே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தியிருந்தால் இரண்டே நொடிகளில் கன்வேயர் நின்றிருக்கும். அந்தப் பொத்தானில் எந்த எழுத்தும் இல்லை. அது என்ன செய்யும் என்பது அன்றுதான் அந்த ரைடுக்கு வந்த அந்த இளம் ஊழியருக்குச் சரியாகச் சொல்லித் தரப்படவும் இல்லை. சீருடை போட்டிருந்தார், பொத்தானும் பக்கத்தில் இருந்தது, அறிவு மட்டும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

துணி, பாக்கெட், காலணி

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லோருக்கும் ஒரே பாலியஸ்டர் டி-ஷர்ட் எடுப்பதுதான் நம் ஊரில் வழக்கம். தண்ணீர்ப் பகுதிக்கு அது சரி: சீக்கிரம் காயும், குளோரினில் பருத்தி அளவுக்கு நிறம் வெளுக்காது. அதே டி-ஷர்ட்டை வெல்டிங் செய்பவருக்கும் வடைச் சட்டிக்கு முன்னால் நிற்பவருக்கும் கொடுப்பது ஆபத்து. பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சமையலறைக்கும் வெல்டிங் வேலைக்கும் தடித்த பருத்திதான். வெயிலில் நிற்கும் ஆபரேட்டருக்குப் பாலியஸ்டர் 65, பருத்தி 35 என்ற கலவை ஒத்துவரும். வியர்வை இழுக்கும், சுருங்காது. மெயின்டெனன்ஸ் ஆட்களுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒளிப்பட்டை வைத்த ஜாக்கெட் கட்டாயம். தண்டவாளத்தில் ஆள் நிற்பது ஆபரேட்டர் கண்ணில் பட்டாக வேண்டும். கருநீலச் சட்டை போட்டவர் இரும்புத் தூணின் நிழலில் நின்றால் தெரியவே மாட்டார்.

பாக்கெட் விஷயத்திலும் ஆளுக்கு ஆள் தேவை வேறு. ரைடு மேடையில் நிற்பவருக்கு மேல் பாக்கெட்டே வேண்டாம். குனிந்து பெல்ட் மாட்டும்போது பேனாவும் போனும் விழும், விழுந்ததை எடுக்கக் கை தானாகப் பற்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே போகும். மெயின்டெனன்ஸ் ஆளுக்கோ ஜிப் வைத்த பாக்கெட் அவசியம். மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய டேக்கை மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டுதான் அவர் இயந்திரத்துக்குள் இறங்க வேண்டும். அந்தச் சாவி ஆபரேட்டர் மேசையில் கிடந்தால் பூட்டியதற்கு அர்த்தமே இல்லை. ஐடி கார்டுக் கயிறு இழுத்தால் அறுந்துகொள்ளும் வகையாக இருக்கட்டும். சுழலும் பாகங்களுக்கு அருகில் துப்பட்டா, தொங்கும் ஜடை, வளையல், மோதிரம் எதுவும் கூடாது. கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தயக் கார் ஓட்டும் பகுதியில் இது பயணிக்கும் பொருந்தும்: முடியைக் கட்டித் தொப்பிக்குள் விட்டு, ஹெல்மெட்டைப் பூட்டின பிறகே வண்டி கிளம்ப வேண்டும். பின்சக்கர அச்சில் முடி சுற்றினால் வண்டியை நிறுத்தும் அவகாசம்கூடக் கிடைக்காது.

பெண் ஊழியர்களுக்கு ஆண்களின் அளவிலேயே சட்டை தைத்துக் கொடுத்து, வெள்ளை பேண்ட் போடச் சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மாதவிடாய் நாட்களில் எட்டு மணி நேரம் அந்த உடையில் நிற்பவர் எதைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார்? பயணியின் மடிமேல் இறக்கிப் பூட்டும் லேப் பாரைப் பற்றியா? கீழாடை அடர்நிறமாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் பகுதியில் நனைந்தாலும் உடலோடு ஒட்டாத துணி வேண்டும். இவை சலுகைகள் இல்லை, வேலைக்கான உபகரணங்கள்.

ஒருவருக்கு எத்தனை செட்? குறைந்தது மூன்று: உடம்பில் ஒன்று, சலவையில் ஒன்று, தயாராக ஒன்று. லைஃப்கார்டுக்கு ஐந்து. காலையில் நனைந்த உடையோடு மாலை வரை இருந்தால் தொடை இடுக்கில் படர்தாமரையும் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும். வந்தவர் சொறிந்துகொண்டே கோபுரத்தில் உட்கார்ந்திருப்பார், கவனம் எப்படித் தண்ணீரில் இருக்கும்? சாப்பாட்டு இடைவேளையில் உலர்ந்த உடைக்கு மாறுவதை ஷிஃப்ட் நேரத்திலேயே சேர்க்க வேண்டும். லைஃப்கார்டின் காலணியில் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும். கேன்வாஸ் ஷூ வேண்டவே வேண்டாம்.

சலவையைப் பூங்காவே செய்வது நல்லது. உள்ளே போடும் துணி விஷயத்தில் அது நல்லது என்பதோடு நிற்காது, கட்டாயம். புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் கதாபாத்திர உடை அணிபவர்களுக்கு, உள்ளே போடும் துணியையும் பொதுவாகத் துவைத்து ஆள் மாற்றி ஆள் கொடுத்துவந்தார்கள். பேனும் சொறியும் பரவுவதாக ஊழியர்கள் புகார் சொல்லி, தொழிற்சங்கம் பேச்சுவார்த்தை நடத்தி, 2001இல்தான் ஆளுக்குத் தனித்தனியாகத் தருவதென்று முடிவானது. உலகத்தின் முன்னணிப் பூங்காவிலேயே இந்த நிலை இருந்தது என்றால், கரடி வேஷத்துக்கு ஒரே ஒரு உடையை வைத்துக்கொண்டு மூன்று பேரை மாற்றி மாற்றி இறக்கும் நம் பூங்காக்கள் யோசிக்க வேண்டும். கரடியின் தலைக்குள் நுரைப்பஞ்சு, வெளியே ரோமத்துணி. மே மாத வெயிலில் அதற்குள் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒருவரை வைக்கக் கூடாது. நண்பகலில் இறக்கவே கூடாது. பக்கத்தில் எப்போதும் ஒரு துணையாள் வேண்டும். உள்ளே இருப்பவர் பேச முடியாது, கீழே பார்க்க முடியாது. கையை எப்படி உயர்த்தினால் "முடியவில்லை" என்று அர்த்தம் என்பதை இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். வேஷம் போட்டவரைத் தள்ளுவது, வாலைப் பிடித்து இழுப்பது, சிரிக்க வைக்க முகத்துக்கு நேரே கத்துவது எல்லாம் விளையாட்டு என்று பிள்ளைகளை விடாதீர்கள்.

காலை ஆறு மணிக்கு நடப்பவை

கேட் திறப்பது பத்து, பதினொரு மணிக்கு என்றாலும் மெயின்டெனன்ஸ் ஆட்கள் விடியலிலேயே வந்துவிடுவார்கள். தண்டவாளத்தின் வழியே நடந்து பார்ப்பது முதல் வேலை. காக்கை கூடு கட்டியிருக்கும், அணில் ஒயரைக் கடித்திருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களில் உப்புக்காற்று போல்ட்டுகளைத் தின்றுகொண்டே இருக்கும். முக்கியமான போல்ட்டை முறுக்கியதும், தலையிலிருந்து தகடு வரை ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைப்பார்கள். அந்தக் கோடு முறிந்து விலகியிருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது என்று பொருள். இது கண்ணுக்கு நேரே தெரியும் அடையாளம். வரிசையில் நிற்கும்போது நீங்களும் பார்க்கலாம்.

அடுத்து ஒவ்வொரு சீட்டின் லாக், பெல்ட் கொக்கி, சென்சார், ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு. பிறகு எமர்ஜென்சி ஸ்டாப்: எத்தனை பொத்தான்கள் இருக்கின்றனவோ அத்தனையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஆள் இல்லாமல் இரண்டு மூன்று சுற்று. புதிய ரைடு, பெரிய பழுது பார்த்த ரைடு என்றால் மணல் மூட்டையோ தண்ணீர் நிரப்பிய பொம்மையோ வைத்து ஓட்ட வேண்டும். ஊழியர்களை உட்கார வைத்துச் சோதிக்கக் கூடாது. 2016 மே மாதம் சென்னைப் புறநகரில் ஒரு பூங்காவில், சோதனை ஓட்டத்தின்போது ரைடு சரிந்து ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். சீருடை போட்டவர் சோதனை எடைக்கல் ஆகிவிட மாட்டார்.

இந்தச் செக்லிஸ்ட் எங்கே பொய்யாகிறது என்றால், டிக் அடிக்கும் கட்டத்தில்தான். முப்பது கட்டத்தையும் ஒரே மூச்சில், ஒரே பேனாவில், டீ குடித்துக்கொண்டே நிரப்பிவிட முடியும். அதனால் டிக்குக்குப் பதில் அளவைக் கேளுங்கள்: பிரஷர் எத்தனை, எந்த நேரத்தில் பார்த்தது, எந்த சீட் எண்ணில் பெல்ட் இறுக்கம் குறைந்தது. குளத்து நீரில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணை எழுதிப் பலகையில் மாட்ட வேண்டும். நாள் முழுக்க ஒரே எண் இருந்தால், யாரும் சோதிக்கவில்லை.

கூட்டம் ஏறும்போது

24 இருக்கை உள்ள ரைடை எடுத்துக்கொள்வோம். ஓட்டம் இரண்டு நிமிடம், ஏற்றி இறக்க மூன்று நிமிடம். ஒரு சுற்று ஐந்து நிமிடம், மணிக்கு 12 சுற்று, 288 பேர். ஏற்றுவதற்கு ஒரு நிமிடம் கூடினால் மணிக்கு பத்துச் சுற்று, 240 பேர். அந்த 48 பேருக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலாளர் வாக்கி-டாக்கியில் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். அப்போது முதலில் குறைவது, ஒவ்வொரு பாரையும் கையால் இழுத்துப் பார்க்கும் அந்த ஐந்து விநாடிதான். கண்ணால் பார்த்தே கட்டை விரலை உயர்த்திவிடுவார்கள். வேகம் வேண்டுமென்றால் இன்னொரு அட்டெண்டன்ட்டைப் போடுங்கள். ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். இருவரும் தத்தம் பக்கத்தை முடித்துக் கை உயர்த்திய பிறகே ஆபரேட்டர் பொத்தானைத் தொட வேண்டும்.

ஷிஃப்ட் மாறும் நேரம் இதைவிட மோசம். 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில், ஸ்மைலர் ரோலர் கோஸ்டரில் 16 பேர் இருந்த ரயில், பாதையில் நின்றிருந்த காலி ரயிலில் மோதியது. இரு இளம்பெண்களுக்குக் காலை அகற்ற வேண்டியதாயிற்று. ரைடைக் கட்டுப்படுத்தும் கணினி சரியாகத்தான் வேலை செய்தது: பாதையில் ஏதோ நிற்கிறது என்று ரைடை நிறுத்திவிட்டது. அன்று கூடுதலாக ஒரு ரயில் சேர்க்கப்பட்டது பழுது பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. கணினிதான் தவறு என்று நினைத்து அதை மீறி ஓட்டினார்கள். 2016இல் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ரைடு மாறும்போது எத்தனை வண்டி ஓடுகிறது, எது நின்றிருக்கிறது, இன்று என்ன கோளாறு வந்தது என்பதை எழுதிக் கொடுத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இயந்திரம் நின்றால் முதலில் கண்ணால் போய்ப் பாருங்கள். ரீசெட் பிறகு.

லைஃப்கார்டு விஷயத்தில் எல்லிஸ் அண்ட் அசோசியேட்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சி நிறுவனத்தின் 10/20 விதி பல நாடுகளில் அறியப்பட்டது. தன் பகுதி முழுவதையும் பத்து விநாடியில் கண்ணால் அலச வேண்டும், ஆபத்தில் இருப்பவரை இருபது விநாடிக்குள் எட்ட வேண்டும். வெயிலில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் இது யாராலும் முடியாது. அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். மாறும்போது வருபவர் தண்ணீரை அலசி முடித்த பின்தான் போகிறவர் கண்ணை எடுக்க வேண்டும். அலைக் குளத்தின் ஓரத்தில் லைஃப்கார்டிடம் செல்ஃபி கேட்காதீர்கள், வழியும் கேட்காதீர்கள்.

உட்கார நாற்காலி கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கும் மேலாளர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தம், ஊழியர்கள் உட்கார இருக்கை ஏற்பாடு செய்வதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்கள் கேளிக்கைக்கு வரும் இடமும் அந்தச் சட்டத்தில் நிறுவனம்தான்.

ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையை எண்ணி வாங்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரிடம் டி-ஷர்ட், கார்டு, சாவி மூன்றும் திரும்ப வராமல் கணக்கை முடிக்கக் கூடாது. பழைய சீருடையோடு ஊழியர் வாசலில் ஒருவர் சாதாரணமாக உள்ளே வந்துவிட முடியும். உள்ளே இருக்கும் குழந்தைகளுக்கு, தொலைந்தால் இந்த நிறச் சட்டை மாமாவிடம் போ என்றுதான் நாம் சொல்லி வைத்திருக்கிறோம். நிறத்தோடு பெயர்ப்பலகையும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தமிழில், மூன்று மீட்டர் தூரத்தில் படிக்கும் அளவில் இருப்பது நல்லது.

ஊர்த் திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் ராட்டினம் சுற்றுபவருக்குச் சீருடையே இருக்காது, லுங்கிதான். அதனால் அவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம் இல்லை, ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு அடையாளம் குறைகிறது. அங்கே ஏறுமுன் ஒரு முழுச் சுற்று நின்று கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டியின் கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? ஓடும்போது கண் ராட்டினத்தில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா? ராட்டினத்தின் கால்கள் நிற்பது பலகை மேலா, ஈர மண் மேலா? "கரண்ட் போனா எப்படி இறக்குவீங்க?" என்று கேளுங்கள். கையால் சுற்றி ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவருவதை அவர் உடனே விவரித்தால் டிக்கெட் வாங்கலாம்.