ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறதா?

திருப்பூரிலும் சோமனூர், பல்லடம் பக்கமும் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போனால் அடிக்கடி கேட்பது இதுதான்: "பட்டனை அமுக்குனா ஃபேன் சுத்துதுங்க, டிஸ்ப்ளே வரலைங்க. போர்டு போயிருச்சுங்களா?" மதர்போர்டுக்கு விலை விசாரிக்கும் முன், கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் சப்ளை செய்யும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள்.

முதலில் வேறு பவர் கார்டு போட்டு, யூ.பி.எஸ். இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் பாருங்கள். அதற்கும் அசையவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு எஸ்.எம்.பி.எஸ். கனெக்டர்களை எல்லாம் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தபின் பிளக் போடுங்கள். சாதாரண மாடல் என்றால் ஃபேன் சுற்ற வேண்டும். ஒயரெல்லாம் கருப்பாக வரும் மாடலில் பச்சைக்குப் பதில் 16ஆம் பின்னைத் தேடுங்கள்.

பலரும் ஏமாறுவது இதற்கப்புறம்தான். ஃபேனுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், பிராசஸருக்குப் போதாது. மின்னழுத்தம் எல்லாம் சரியானதும் எஸ்.எம்.பி.எஸ். சாம்பல் ஒயரில் 5 வோல்ட் சிக்னல் கொடுக்கும். அது வரும்வரை போர்டு பிராசஸரை ஓட விடாது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஓடும்போதே மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருக்கலாம். ஊதா ஒயரில் மெஷின் ஆஃபில் இருந்தாலும் 5 வோல்ட் வரும். அது இல்லாவிட்டால் பட்டனை எத்தனை முறை அமுக்கியும் பயனில்லை.

நம் பக்கத்தில் பெரிய எதிரி பஞ்சுதான். கட்டிங் டேபிளுக்கு அடுத்த அறையில் இருக்கும் மெஷினைத் திறந்தால் எஸ்.எம்.பி.எஸ். ஃபேனில் மெத்தை தைத்த மாதிரி அப்பியிருக்கும். காற்றோட்டம் நின்று, சூட்டில் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும். காலையில் நாலைந்து தடவை அமுக்கினால்தான் ஆன் ஆகும் என்ற நிலை வந்தால், சப்ளை போகப் போகிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், ஃபேன் சுற்றாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது நிற்கும்.

கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று சப்ளையை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அது தறிக் குடோனில் எர்த் இல்லாத கோளாறு. புதுசு போட்டாலும் அடிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். "450 வாட்" என்று போட்டுவிட்டு அங்கே 14 ஆம்பியர் மட்டும் இருந்தால், அந்த வரியில் கிடைப்பது 168 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற மெஷினுக்கு அதை வாங்காதீர்கள்.