உச்சிப்புளி வெயிலில் ஒரு பனித்தடுப்பு ஸ்விட்ச்

உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருப்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. என் அக்கா மகன் அண்ணாந்து பார்ப்பதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு, மண்டபத்தில் கிளம்பி பாம்பன் பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடி முனை வரை தானே ஓட்டிப் பழகுகிறான். அவனிடம் இருப்பது ஹியூய் என்று செல்லமாகச் சொல்லப்படும் யூஎச்-1எச் ஹெலிகாப்டர். ஒரு நாள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருக்கும் பலகையில் ஒரு ஸ்விட்சைத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, இதப் போட்டா டார்க் அப்படியே நிக்குது, சூடு மட்டும் ஏறுது. ஏன்?"

அது எஞ்சினில் பனிக்கட்டி படியாமல் காக்கும் ஸ்விட்ச். டார்க் என்றால் தலைக்கு மேலே சுழலும் பெரிய விசிறிக்கு எஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசை; சூடு என்றால் எஞ்சின் வாயுவின் சூடு. இரண்டையும் காட்டத் தனித்தனி முள் உண்டு. நல்ல கேள்வி அது. டர்பைன் எஞ்சினின் மொத்தக் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

எஞ்சின் முதலில் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அந்த வேலையைச் செய்வது கம்ப்ரசர். அழுத்தினால் காற்று சூடாகும்; சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஹெலிகாப்டர் எஞ்சினில் காற்றை ஆறேழு மடங்கு அழுத்துவார்கள். கம்ப்ரசரைத் தாண்டும்போது அதன் சூடு 250 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்துவிடும். அப்புறம் எரிபொருள் சேர்ந்து எரிகிறது. எரிந்த வாயு டர்பைனைச் சுற்றுகிறது.

பனிக்கட்டி படிவது முன்வாயில். ஈரம் கண்ணுக்குத் தெரியும் மேகத்திலோ மூடுபனியிலோ பறக்கும்போது, வெளியே 4, 5 டிகிரி இருந்தாலே ஆபத்து உண்டு. வாய்க்குள் நுழையும் காற்று வேகம் எடுக்கிறது, அழுத்தம் குறைகிறது, அதோடு குளிர்ந்தும் போகிறது. வெளியே பூஜ்யத்துக்கு மேல் இருந்தது உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அங்கே படிந்த கட்டி பெயர்ந்து உள்ளே போனால் கம்ப்ரசர் இறக்கைகள் சிதையும். எஞ்சின் அணைந்தும் போகலாம். அதனால்தான் படிவதற்கு முன்பே ஸ்விட்சைப் போடச் சொல்கிறார்கள். படிந்த பிறகு போட்டால், இளகி விடும் துண்டை எஞ்சினே விழுங்கும்.

ஸ்விட்சைப் போட்டதும் ஒரு வால்வு திறக்கிறது. கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்கிய காற்றில் கொஞ்சத்தை முன்பக்கம் திருப்பி, வாயின் தாங்கு கம்பிகளுக்கும் காற்றை வழிப்படுத்தும் தகடுகளுக்கும் உள்ளே ஓடவிடுகிறது. ஹீட்டர் தனியாகக் கிடையாது. எஞ்சின் தன் காற்றிலேயே தன் முகத்தைச் சூடாக்கிக்கொள்கிறது.

அதற்கு விலை உண்டு, நினைப்பதைவிடக் கூடுதலான விலை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டர்பைன்கள் மொத்தமாக 300 பங்கு சக்தி எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 200 பங்கு கம்ப்ரசரைச் சுற்றவே போய்விடும். மிச்சம் 100தான் விசிறிக்கு. இப்போது 100க்கு 1 பங்கு காற்றை நடுவழியில் எடுத்துவிட்டால் டர்பைனுக்கு 297 கிடைக்கும். கம்ப்ரசரோ முழுக் காற்றையும் அழுத்தி முடித்துவிட்டது, அதன் 200 குறையாது. விசிறிக்கு மிஞ்சுவது 97. ஒரு சதவீதக் காற்றுக்கு மூன்று சதவீத சக்தி!

சரி, அப்படியானால் டார்க் முள் ஏன் அசையவில்லை? கவர்னர் என்றொரு கருவி எஞ்சினில் இருக்கிறது. விசிறியின் சுழற்சியைக் குறையவிடாமல் பிடிப்பது அதன் வேலை. குறைகிற மூன்று பங்கை ஈடுகட்ட அது கூடுதல் எரிபொருளை ஊற்றுகிறது. விசிறிக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது, டர்பைன் மட்டும் இன்னும் சூடாகிறது. மருமகன் பார்த்தது இதைத்தான். பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் ஏசி ஓடும் பழைய வேனை ஓட்டுகிறவர், வேகம் விழாமலிருக்க ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிப்பார் இல்லையா, அதுபோல.

ஆனால் மிதிக்க இடம் இருக்கும் வரைதான் இது நடக்கும். இடம் எவ்வளவு என்பதை வெயில் தீர்மானிக்கிறது. ஹியூயின் எஞ்சின் 1400 குதிரைத்திறன் தரவல்லது; கியர்பாக்ஸ் தாங்குவது 1100தான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எஞ்சினும் தாராளமாக மூச்சு விடும். அங்கே பைலட் முதலில் முட்டுவது கியர்பாக்ஸின் வரம்பில். ஸ்விட்ச் தின்னும் சக்தி அந்த உபரி 300க்குள் அடங்கிவிடும். வெயிலில் அந்த உபரி கரைந்துகொண்டே வரும். பங்குனி, சித்திரையில் எங்கள் கடற்கரைக் காற்று மெலிந்து கிடக்கும்போது எஞ்சின் சீக்கிரமே தன் உச்சத்தைத் தொட்டுவிடும். அப்போது காற்றைத் திருப்பினால் கவர்னர் ஊற்ற ஒன்றும் இருக்காது. விசிறியின் சுழற்சி சரியும்.

சிமுலேட்டரில் வெளிச்சூட்டை 0 டிகிரியில் வைத்து, சுமை ஏற்றி, தரையை விட்டு ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தி ஸ்விட்சைப் போடச் சொன்னேன். சூட்டு முள் மட்டும் ஏறி நின்றது. பிறகு 38 டிகிரி வைத்து, அதே சுமையோடு கலெக்டிவை, அதாவது விசிறி இறக்கைகளின் சாய்வைக் கூட்டி வண்டியைத் தூக்கும் நெம்புகோலை, மேலே இழுத்துக்கொண்டே போனான். ஸ்விட்சைப் போட்ட சில நொடியில் நிமிடத்துக்கு 324 என்றிருந்த விசிறிச் சுழற்சி இறங்கத் தொடங்கியது, வண்டி மெல்லத் தரையில் உட்கார்ந்தது. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலெக்டிவை இன்னும் இழுக்கத்தான் போனது. அதுதான் தப்பு. இழுத்தால் சுழற்சி இன்னும் விழும்.

இதைச் சிமுலேட்டரில் இரண்டு விதமாக எழுதலாம். ஸ்விட்ச் விழுந்தால் சக்தியைப் பத்தில் ஒரு பங்கு குறை என்று ஒற்றை வரி எழுதிவிடலாம். வேலை சுலபம், ஆனால் குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி நடக்கும். சூட்டு முள்ளுக்கு எதுவும் தெரியாது. கம்ப்ரசர், டர்பைன், கவர்னர் மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டு நடுவிலிருந்து காற்றை எடுப்பது இன்னொரு விதம். பைலட்டாகப் பழக நினைக்கிற பிள்ளைக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்பேன். எந்த முள் எப்போது நகரும் என்ற பழக்கம் அங்கேதான் கைக்கு வருகிறது.

எங்கள் கரையில் தாழப் பறக்கும்போது இந்த ஸ்விட்சுக்கு வேலையே இல்லை; பனி உறையும் குளிர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில்தான் தொடங்கும். இங்கே எஞ்சினின் சக்தியைத் தின்பது உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு கம்ப்ரசர் இறக்கைகளில் படிந்தால், அதே டார்க்குக்கு சூட்டு முள் கூடுதலாக நிற்கும். அதனால் கடலோரம் பறக்கும் ஹெலிகாப்டர்களின் கம்ப்ரசரை நல்ல தண்ணீர் விட்டு அடிக்கடி கழுவுவார்கள்.

மருமகன் இப்போது புது ஹெலிகாப்டர் எதை இறக்கினாலும் முதலில் தனுஷ்கோடிக்குப் போவதில்லை. ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.