பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

மூன்றாம் வகுப்புப் பையன் பாடத்தைக் கணீரென்று வாசித்தான். சென்னையிலிருந்து வந்திருந்த கொடையாளர் பூரித்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பையனின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது, விரல் இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறது. பக்கத்தைக் கையால் மூடிவிட்டு, நடுவில் இருந்த ‘தொட்டி’யை மட்டும் காட்டி, “இது என்ன தம்பி?” என்றேன். “தெ…” என்று தொடங்கினான். பக்கத்தில் நின்ற துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் இருக்கும் பள்ளி அது. பெயர் வேண்டாம். அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி அந்த ஐயா கொடுக்க நினைத்தவை: இரண்டு ஸ்மார்ட் போர்டு, ஒரு பீரோ நிறையக் கதைப் புத்தகம், வாசலில் ஒரு வளைவு. முந்தைய கொடையாளர் கொடுத்த பீரோவும் அங்கேதான் நிற்கிறது, பூட்டியபடி. புத்தகம் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பார்வையிட வருகிறவர்கள் புத்தகத்தைத்தானே எண்ணுகிறார்கள்!

அறக்கட்டளைகளுக்குக் கல்விக் கொடை ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த வருஷம் நான் பார்த்த ஐந்தாவது பூட்டிய பீரோ இது. பொறுமை போய்விட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது. திறப்பு விழாவில் பிள்ளை பாடத்தைச் சொல்வதைக் கேட்டு ‘நூறு சதவீதம் வாசிக்கிறார்கள்’ என்று அறிக்கை எழுதுகிறீர்களே, அந்தப் பாடத்தை அது நாற்பது தடவை கோரஸாகக் கேட்டிருக்கிறது. அ முதல் ஔ வரை பாடுவதும் இப்படித்தான். வரிசையைக் கலைத்துக் காட்டினால் பாட்டு நின்றுவிடும். தமிழில் 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆறு வயசுப் பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். ‘தொ’வில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, அப்புறம் த, அப்புறம் துணைக்கால். இந்த மூன்றையும் ஒரே ஒலியாக்க வேண்டும். ‘கல்’லில் வரும் க ஒரு மாதிரி, ‘தங்க’த்தில் வரும் க வேறு மாதிரி ஒலிக்கும். வீட்டில் ‘வாளப்பளம்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை புத்தகத்தில் ‘வாழைப்பழம்’ என்று பார்க்கிறது. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் திருத்த வேண்டும். ஸ்மார்ட் போர்டு எதிரே இருக்கும் பிள்ளையின் விரலைப் பார்க்காது.

ஏசர் என்ற கல்வி ஆய்வு கிராமத்து வீடுகளுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கச் சொல்லும். தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022-இல், 4.8.

“அழகப்பர் கட்டடம் கட்டித்தானே கல்வி வளர்த்தார்?” என்று என்னிடம் கேட்காத செட்டியார் இல்லை. உண்மைதான், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார் வள்ளல் அழகப்பச் செட்டியார். ஆனால் அதற்குள் உட்கார்ந்து வேலை பார்க்க விஞ்ஞானிகளைச் சம்பளம் கொடுத்து அனுப்ப அரசு இருந்தது. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அங்கே குறைவது ஆள். மகமையை நினைத்துப் பாருங்கள். நம் பெரியவர்கள் வியாபாரத்தில் இவ்வளவு என்று தர்மத்துக்கு ஒதுக்கினார்கள், வியாபாரம் நடக்கும்வரை அது வந்துகொண்டே இருந்தது. வாசிப்புக்கும் அப்படித்தான் கொடுக்க வேண்டும், குறைந்தது மூன்று வருஷம்.

கொடுக்கும் முன் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போங்கள். பூமாலை, போட்டோக்காரர் எதுவும் வேண்டாம். பத்துப் பிள்ளைகளுக்குப் பார்த்திராத நாலு வரியைக் கொடுங்கள், குறித்துவையுங்கள். வருஷக் கடைசியில் அதே மாதிரி வேறு நாலு வரி கொடுத்துப் பாருங்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறது. அதற்குப் போட்டியாக நீங்கள் ஒரு பாடத்திட்டம் கொண்டுவராதீர்கள், ஆசிரியர் பாவம். முதல் நிலையான அரும்பில் தேங்கி நிற்கும் பிள்ளைகளோடு தினம் ஒரு மணி நேரம் உட்கார உள்ளூர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள். புத்தகம் கொடுத்தால், கிழிந்ததை மாற்றவும் பணம் ஒதுக்கி, ‘கிழியலாம்’ என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

கம்பெனிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லாபத்தில் சமூகத்துக்குச் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். இரண்டு சதவீதத்தை முடிக்க மார்ச் கடைசியில் பெட்டி பெட்டியாக இறக்காதீர்கள். ஏப்ரலில் பரீட்சை, அப்புறம் லீவு. ஜூனில் பிரித்துப் பார்க்கும்போது பாதியைக் கரையான் தின்றிருக்கும். தயவுசெய்து.

அறுபதாம் கல்யாணத்து ஐயா ஸ்மார்ட் போர்டை விட்டுவிட்டார். அந்தப் பணத்தில் அதே ஊரில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் ஜூனிலிருந்து வருவதாகப் பேச்சு. பழைய பீரோவைத் திறக்கத் தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார். வளைவை மட்டும் அவர் வீட்டு ஆச்சி விட்டுக்கொடுக்கவில்லை. சரி, அதுவும் இருக்கட்டும். அதில் எழுதப்போகும் பெயரை அந்தப் பையன் வாசிக்கிறானா என்று அடுத்த தடவை கேட்டுப் பார்க்கிறேன்.