உயிருணரி: பயோசென்சருக்குத் தமிழ்

பாம்பனிலோ கீழக்கரையிலோ பயோசென்சர் என்றால் பலரும் விழிப்பார்கள். சுகர் மிஷின் என்றால் அலமாரியிலிருந்து எடுத்தே காட்டுவார்கள். அந்த மிஷினும் ஒரு பயோசென்சர்தான். ரத்தத்தைத் தொட்டு வைக்கும் பட்டையில் ஒரு நொதி (என்சைம்) இருக்கிறது. அது சர்க்கரையோடு வினைபுரியும்போது எழும் மின்னோட்டத்தை மிஷின் எண்ணாகக் காட்டுகிறது. 1962இல் லேலண்ட் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனையிலிருந்து (என்சைம் எலக்ட்ரோடு) வளர்ந்தது இது.

‘பயாஸ்’ கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. ‘சென்டிரே’ லத்தீனில் உணர்தல். தமிழில் உயிரி உணரி, உயிருணரி என்று இரண்டு விதமாகவும் எழுதலாம்; சுருக்கமாக இருப்பதால் என் தேர்வு உயிருணரி. மூடு என்பது மூடி, கடத்து என்பது கடத்தி ஆனதுபோல உணர் என்பது உணரி. ஆனால் ‘உயிரை உணர்வது’ என்று விரித்தால் பொருள் கெட்டுவிடும். உயிர்ப்பொருளால் உணர்வது என்று மூன்றாம் வேற்றுமையில் விரிக்க வேண்டும். நொதி, எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), டிஎன்ஏ இழை போன்ற ஒன்று தேடும் பொருளைப் பற்றிக்கொள்ளும். அதை மின்முனையோ ஒளியோ அளவாக மாற்றும். பிரஷர் மிஷினில் அப்படிப் பற்றும் உயிர்ப்பொருள் இல்லை, அதனால் அது உயிருணரி ஆகாது.

மறதி நோயான அல்சைமருக்கான உயிருணரியை ‘மறதி காட்டும் கருவி’ என்று சொல்லக் கூடாது. அது தேடுவது அமிலாய்டு பீட்டா, டாவ் என்னும் புரதங்களை. மறதி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் அமிலாய்டு படியத் தொடங்கிவிடும். அதைப் பார்க்கப் பெரும்பாலும் முதுகுத் தண்டுநீர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன். தொண்டியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது பெரிய நகரம் வரையிலான அலைச்சல்.

அப்படியானால் சுகர் மிஷின் போல ஒன்று ஏன் இன்னும் வரவில்லை? ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருக்கும். இந்தப் புரதங்களோ பிகோகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமில் நூறு கோடி பிகோகிராம். ரத்தத்தின் மற்ற புரதங்களும் மின்முனையில் ஒட்டிக் குழப்பும். 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இந்தப் புரதங்களைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் ஆய்வகத்தில் செய்வதுதான், அதுவும் அறிகுறி உள்ள 55 வயதுக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும்.

வாடை, சோளகம் என்று காற்றைப் பெயர் சொல்லியே பழகியவர் அந்தப் பெயரில் தடுமாறினால் ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவும் தைராய்டு குறைவும்கூட மறதியைத் தரும், அவற்றுக்கு மருந்து உண்டு. அதற்கான சோதனைகளை ராமநாதபுரத்திலேயே எடுக்கலாம்.