புட்டுக்குப் பிறகு ஓர் ஒழுங்கைத் தூரம்

"நடந்தால் சீனி குறையுமெண்டு எல்லாரும் சொல்லுகினம். குறையிற சீனி எங்கை போகுது?" தெல்லிப்பழையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். வேர்வையோடு போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். இல்லை அக்கா, கால் தசைக்குள் போகிறது.

புட்டு குடலில் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்வது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் வழமையாக இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டி. ஒரு கோப்பை புட்டு அதைப்போல் பத்து மடங்கைச் சுலபமாகக் கொடுத்துவிடும். அதில் பெரும்பங்கை வாங்கிவைக்க வேண்டியது தசை.

ஆனால் தசைக் கலத்தைச் சுற்றியிருப்பது கொழுப்புச் சவ்வு. குளுக்கோஸ் தானாக அதைக் கடக்காது. குளூட்-4 என்ற புரதம்தான் கதவு. வேடிக்கை என்னவென்றால், சும்மா இருக்கும் தசையில் இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை சுவரிலேயே இருப்பதில்லை. கழற்றி வீட்டுக்குள் அடுக்கியதுபோல, கலத்துக்குள்ளே சின்னக் குமிழிகளில் கிடக்கும். இன்சுலின் வெளியே வந்து தட்டினால், குமிழிகள் நகர்ந்து வந்து சவ்வோடு கலக்கும். கதவு சுவரில் ஏறிவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் தட்டுகிறது, உள்ளே சரியாகக் கேட்பதில்லை.

சரி, இப்போது எழும்பி நடவுங்கள். சுருங்கும் தசைக்குள் கல்சியம் பாய்கிறது. சக்தி செலவாவதைக் கவனித்து ஏ.எம்.பி.கே. என்றொரு நொதி விழிக்கிறது. இவையும் வேறு சில சைகைகளும் சேர்ந்து அதே குமிழிகளைச் சுவருக்கு அனுப்புகின்றன, இன்சுலினை ஒரு வார்த்தை கேட்காமலே! நீரிழிவு உள்ளவர்களிலும் இந்த வழி பெரும்பாலும் ஒழுங்காகவே வேலைசெய்கிறது. எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. நடந்து முடிந்த பிறகும், ஒரு நாள் மட்டில் தசைக்கு இன்சுலின் தட்டுவது கொஞ்சம் நன்றாகக் கேட்கும்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம். கடை, கோயில், வாசிகசாலை எல்லாம் கிட்ட. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் சைக்கிள் மிதித்தோம், 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டிலும் மிதித்தோம். அந்தப் பஞ்சத்தை நான் புகழவில்லை. ஆனால் இப்போது முந்நூறு மீற்றருக்கு மோட்டார்சைக்கிளை உதைக்கிறோம், நானும்தான். ஆரியகுளத்தைச் சுற்றி நடைபாதை போட்டது நல்ல காரியம். அங்கே நடக்கப் போவதும் மோட்டார்சைக்கிளில்தான்!

இரவுப் புட்டுக்குப் பிறகு நடக்க ஒழுங்கையில் வெளிச்சம் வேண்டும், நாய்த்தொல்லை குறைய வேண்டும். பகலில் நிழல் வேண்டும். வீதி அகலிக்கும்போது முதலில் விழுவதோ வேம்பு. சீனி வருத்தத்துக்கு நூல் கட்டக் கொடுக்கிற காசில் ஒழுங்கைக்கு ஒரு மின்குமிழ் போடலாம் என்பேன், வீட்டில் ஏச்சு விழும். மருத்துவ பீடம் 1978 முதல் இங்கேயே இருக்கிறது. புட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஆட்களுக்குச் சீனி எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க, விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். அப்படியான சின்ன ஆய்வுக்குக் காசு தரத் தயங்குகிறவர்கள், அலங்கார வளைவு என்றால் பையை அவிழ்க்கிறார்கள்.

அக்கா, ஒன்று. நீங்கள் இன்சுலின் ஊசியோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவரென்றால், இரண்டு வழியும் சேர்ந்து சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கக்கூடும். கிளினிக்கில் ஒருக்கால் கேட்டுவிட்டு, கைப்பையில் இரண்டு டொபியோடு இறங்குங்கள்.